ரோல்ஸ் ராய்ஸின் கைவினை யாருடையது?

கேள்வி இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. ரோல்ஸ் ராய்ஸ் கார்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சொல்லப்படும் பாரம்பரியமும் கைவேலையும் உண்மையிலேயே இருக்கின்றனவா, அல்லது விலையை நியாயப்படுத்துவதற்காகச் சொல்லப்படுபவையா என்பது முதல் பகுதி. அந்தப் பெயர் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ கைக்குப் போய் இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட நிலையில், அதை இன்னும் பிரிட்டிஷ் பாரம்பரியம் என்று அழைப்பது சரியா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் ஒற்றைச் சொல்லில் விடை சொல்ல இயலாது. ரோல்ஸ் ராய்ஸ் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு தனித்தனிக் கைவினை மரபுகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று உலோக வேலை. அது ஹென்றி ராய்ஸ் என்ற மனிதரின் பட்டறையில் பிறந்தது. மற்றொன்று மரம், தோல், வண்ணம் ஆகியவற்றின் வேலை. அது லண்டனில் குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து வந்தது. முதல் முப்பத்தைந்து ஆண்டுகளில் இவை இரண்டும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்கவே இல்லை. எது எங்கிருந்து வந்தது, எது எங்கே போனது என்று பிரித்துப் பார்த்தால்தான் இன்று எஞ்சியிருப்பது எது என்பது தெரியும்.

ராய்ஸ் 1863-இல் பீட்டர்பரோவை அடுத்த ஆல்வால்டன் கிராமத்தில் ஒரு மாவு ஆலைக்காரரின் மகனாகப் பிறந்தார். ஆலைத் தொழில் நொடித்துப்போனது. ஒன்பது வயதில் தந்தையையும் இழந்தார். சிறுவயதிலேயே செய்தித்தாள் விற்றார், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தார். அத்தை ஒருவர் பணம் கட்ட முன்வந்ததால் பீட்டர்பரோவில் இருந்த கிரேட் நார்தர்ன் ரயில்வே பணிமனையில் தொழில் பழகச் சேர்ந்தார். சுமார் மூன்று ஆண்டுகளில் அந்தப் பணமும் நின்றுவிட, பயிற்சியை முடிக்காமலே வெளியேற நேர்ந்தது. முறையான பள்ளிப் படிப்பும் சொற்பம். பிற்காலத்தில் அரசப் பட்டமெல்லாம் வந்து சேர்ந்த பிறகும் தன்னை ஒரு மெக்கானிக் என்றே குறிப்பிட்டுக்கொண்ட இவர், 1884-இல் மான்செஸ்டரின் ஹல்ம் பகுதியில் குக் தெருவில் எர்னஸ்ட் கிளேர்மான்ட் என்ற பொறியாளரைக் கூட்டாளியாகக் கொண்டு ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினார். அங்கே முதலில் செய்யப்பட்டவை வீட்டு அழைப்பு மணி போன்ற சிறிய மின்சாதனங்கள். பிறகு டைனமோக்கள், மின்சாரக் கிரேன்கள். ரோல்ஸ் ராய்ஸின் கதை மின்சாரத்தில் தொடங்கியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அவர் கார் பக்கம் திரும்பியது பழைய பிரெஞ்சுக் கார் ஒன்றை வாங்கியதன் விளைவு. டெகாவில் என்ற அந்தக் கார் அக்காலத் தரத்தில் மோசமானது அன்று. ஆனால் அதன் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிப் பார்த்த ராய்ஸுக்கு, இதைவிட நன்றாகச் செய்ய முடியும் என்ற எண்ணம் உறுதிப்பட்டது. குக் தெருப் பட்டறையில் உருவான அவருடைய முதல் கார், இரண்டு சிலிண்டர் கொண்ட பத்துக் குதிரைத்திறன் வண்டி, 1904 ஏப்ரல் 1 அன்று ஓடியது. அதில் உலகம் அதுவரை கண்டிராத புதுமை என்று எதையும் சுட்டிக்காட்ட இயலாது. பற்றவைப்புச் சுருள், கார்புரேட்டர், பல்சக்கரங்கள் என்று ஏற்கெனவே இருந்த ஒவ்வொன்றும் செம்மையாக்கப்பட்டிருந்தது; அவ்வளவே. ராய்ஸைக் கண்டுபிடிப்பாளர் என்று புகழ்வது அவரைத் தவறாகப் புரிந்துகொள்வது என்பது என் கருத்து. பிறர் போதும் என்று நிறுத்திய இடத்திலிருந்து வேலையைத் தொடங்கியவர் அவர். அந்தப் பிடிவாதமே இந்தப் பாரம்பரியத்தின் முதல் பாதி.

பெயரின் முதல் பாதிக்குரிய சார்லஸ் ரோல்ஸின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரபு குடும்பத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, லண்டனில் பிரெஞ்சுக் கார்களை இறக்குமதி செய்து விற்றுக்கொண்டிருந்த இவர், வெளிநாட்டுக் கார்களுக்கு ஈடான ஒரு பிரிட்டிஷ் காரைத் தேடிக்கொண்டிருந்தார். ஹென்றி எட்மண்ட்ஸ் என்ற பொது நண்பர் ஏற்பாடு செய்ய, 1904 மே 4 அன்று மான்செஸ்டரின் மிட்லண்ட் ஹோட்டலில் இருவரும் சந்தித்தனர். ராய்ஸ் செய்யும் கார்கள் அனைத்தையும் ரோல்ஸ் விற்பது, வண்டிக்கு இருவர் பெயரையும் சேர்த்து வைப்பது என்று அந்த ஆண்டின் இறுதியில் ஒப்பந்தமாயிற்று. 1906-இல் ரோல்ஸ் ராய்ஸ் லிமிடெட் பதிவானது. விமானத்தின் மீது தீராத மோகம் கொண்டிருந்த ரோல்ஸ், 1910 ஜூலையில் போர்ன்மவுத்தில் நடந்த விமான விபத்தில் முப்பத்திரண்டாம் வயதில் இறந்தார். அவர் இருந்தது ஆறே ஆண்டுகள். நிறுவனத்தை உண்மையில் நிர்வகித்து நிலைநிறுத்தியவர் ரோல்ஸின் பங்காளியான கிளாட் ஜான்சன். ஒரே ஒரு மாடலை மட்டும் செய்து அதை உச்சத்துக்குக் கொண்டுபோவது என்ற முடிவுக்கு உந்துதலாக இருந்தவரும் அவரே.

அந்த ஒரே மாடல்தான் 40/50. வெள்ளி வண்ணம் பூசி, வெள்ளி முலாமிட்ட பொருத்துகளுடன் 1907-இல் தயாரான ஒரு குறிப்பிட்ட வண்டிக்கு ஜான்சன் வைத்த சில்வர் கோஸ்ட் என்ற பெயர் பிற்காலத்தில் மாடல் முழுவதற்குமே ஒட்டிக்கொண்டது. அன்றைய ஆறு சிலிண்டர் எஞ்சின்களை ஒரு பெரிய நோய் பீடித்திருந்தது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் நீண்ட தண்டான கிராங்க்ஷாஃப்ட் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முறுக்கிக்கொண்டு அதிர்ந்தது. சில எஞ்சின்களில் அது ஒடிந்தே போனது. ராய்ஸ் மும்மூன்று சிலிண்டர்களாக இரண்டு தொகுதிகளை அமைத்தார். ஒரு பாதி மறுபாதியின் கண்ணாடிப் பிம்பமாக அமையும்படி கிராங்க்ஷாஃப்டை வகுத்தார். அதைத் தடிமனாக்கி ஏழு பேரிங்குகளில் தாங்கவைத்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணெயை அழுத்தத்தில் செலுத்தினார். அந்த 1907-ஆம் ஆண்டிலேயே ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் கண்காணிப்பில் சில்வர் கோஸ்ட் லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே மீண்டும் மீண்டும் ஓட்டப்பட்டு, 14,371 மைல், அதாவது ஏறத்தாழ 23,000 கிலோமீட்டர், பழுதால் நிற்காமல் சென்றது. அதற்கு முன் 629-ஆவது மைலில் ஒரு முறை நின்றிருந்தது; பெட்ரோல் குழாயின் திருகு அதிர்வில் தானாக மூடிக்கொண்டதுதான் காரணம். சோதனை முடிந்தபின் வண்டியைப் பிரித்து, தேய்ந்தவற்றைப் புதியதுபோல் ஆக்க ஆகும் செலவைக் கணக்கிட்டார்கள். இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல் ஆயிற்று.

இந்த உலோக வேலை எப்படிப்பட்டது என்பதை விளக்க ஒரு சிறு உறுப்பை எடுத்துக்கொள்கிறேன்: வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸியை இணைக்கும் போல்ட். அக்காலத்தில் சேஸியின் எஃகுச் சட்டங்களை ரிவெட் அடித்து இணைப்பதே வழக்கம். சூடான ரிவெட்டை அடித்து இறுக்கும்போது அது துளையை முழுவதும் நிரப்புவதில்லை. ஆண்டுக்கணக்கில் கரடுமுரடான சாலையில் ஓடும்போது அந்த மயிரிழை இடைவெளியில் அசைவு ஏற்பட்டு, சட்டம் தளர்ந்து ஓசையிடத் தொடங்கும். ராய்ஸ் ரிவெட்டை ஒதுக்கிவிட்டு, மேலே சற்றுப் பருத்தும் கீழே சற்று மெலிந்தும் இருக்கும் சதுரத் தலை போல்ட்களைக் கடைந்தெடுக்கச் செய்தார். சட்டங்களைச் சேர்த்து வைத்து, ஒவ்வொரு துளையையும் அதே சரிவில் ரீமர் என்ற துளை கடையும் கருவி கொண்டு கையால் கடைய வேண்டும். கீழே நட்டை இறுக்க இறுக்கப் போல்ட் ஆப்புப்போல் இறங்கித் துளையின் சுவரெங்கும் கவ்விக்கொள்ளும். ஒரு துளையில் பிழை நேர்ந்தால் சட்டமே வீண். வண்டி வாங்குபவரின் கண்ணில் ஒருநாளும் படாத இடத்தில் செய்யப்பட்ட வேலை இது. நூறு ஆண்டுகளைக் கடந்த சில்வர் கோஸ்ட்கள் இன்றும் கிறீச்சிடாமல் ஓடுவதற்கு இத்தகைய முடிவுகளே காரணம். இதனுடன், ஓடும் சாலையின் மேடுபள்ளங்களைப் பட்டறைக்குள்ளேயே உண்டாக்கி, சக்கரங்களுக்கு அடியில் சுழலும் உருளைகளால் சேஸியை உலுக்கிச் சோதிக்கும் எந்திரம் ஒன்றையும் அவர் வைத்திருந்தார். எந்த உறுப்பு முதலில் உடைகிறதோ அதை வலுப்படுத்தி மீண்டும் உலுக்குவார்கள்.

1911 வாக்கில் ராய்ஸின் உடல்நிலை முற்றிலும் சீர்குலைந்தது. இங்கிலாந்தின் டார்பி நகரில் 1908-இல் திறக்கப்பட்ட நிறுவனத்தின் தொழிற்சாலைக்கு அவர் அதன்பின் திரும்பவே இல்லை. பிரான்சின் தென்கடற்கரையில் உள்ள லெ கனடேல் சிற்றூரிலும், பிறகு இங்கிலாந்தின் சசெக்ஸ் கடற்கரையில் உள்ள வெஸ்ட் விட்டரிங்கிலும் சில வடிவமைப்பாளர்களை அருகில் வைத்துக்கொண்டு, வரைபடங்களை டார்பிக்கு அனுப்பியே இருபது ஆண்டுகளுக்கு மேல் நிறுவனத்தின் பொறியியலை நடத்தினார். தொழிற்சாலைத் தளத்தில் நின்று ஒருவர் தோளைத் தட்டித் திருத்த இயலாதபோது, எழுத்தாலும் வரைபடத்தாலும் மட்டுமே தரத்தைக் காக்க வேண்டியிருந்தது. ஒரு மனிதரின் பழக்கம் ஒரு நிறுவனத்தின் பழக்கமாக மாறியதில் இந்தத் தொலைவுக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன். 1933-இல் அவர் வெஸ்ட் விட்டரிங்கில் இறந்தார். அவர் மறைவுக்குத் துக்கமாகவே ஆர்.ஆர். சின்னத்தின் சிவப்பு எழுத்துகள் கறுப்பாக மாற்றப்பட்டன என்று இன்றும் எழுதப்படுகிறது, அது சரியன்று. வாடிக்கையாளர்கள் தேர்ந்தெடுக்கும் வண்ணங்களோடு சிவப்பு பொருந்தவில்லை என்பதால், அவர் வாழ்நாளிலேயே எடுக்கப்பட்ட முடிவு அது.

இனி இரண்டாவது மரபு. ரோல்ஸ் ராய்ஸ் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் மரப்பலகை, தோலிருக்கை, கம்பளம், பளபளக்கும் வண்ணம் ஆகிய எவற்றையும் இரண்டாம் உலகப் போர் வரை ரோல்ஸ் ராய்ஸ் செய்யவில்லை. டார்பியிலிருந்து வெளியே போனவை எஞ்சின், சேஸி, சக்கரங்கள், முன்பக்க ரேடியேட்டர், பானெட் ஆகியவை மட்டுமே. வாங்குபவர் அதைத் தமக்கு விருப்பமான வண்டிக்கூடு கட்டும் நிறுவனத்திடம் கொண்டுபோய் மேற்கூட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும். பார்க்கர், ஹூப்பர், எச்.ஜே. முல்லினர், பார்க் வார்டு, த்ரப் அண்ட் மேபர்லி ஆகியவை அவ்வகையில் பேர்பெற்றவை. பார்க்கரும் ஹூப்பரும் கார் என்ற ஒன்று தோன்றுவதற்கு முன்பே அரச குடும்பத்துக்குக் குதிரை வண்டி கட்டியவர்கள். ஆஷ் மரத்தில் எலும்புக்கூடு அமைத்து, அதன்மேல் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி வளைத்துப் போர்த்தி, பல பூச்சுகள் வண்ணமும் வார்னிஷும் ஏற்றித் தேய்த்து, உள்ளே தோலும் துணியும் தைத்துக் கொடுத்தார்கள். ஆகவே, இரண்டு வண்டிகள் ஒரே தோற்றத்தில் அமைவது அரிது.

இந்த ஏற்பாட்டை மிகத் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் இந்திய சமஸ்தானாதிபதிகள். 1908-இல் பம்பாய்க்கும் கோலாப்பூருக்கும் இடையே மலைக் கணவாய்கள் வழியாக நடந்த மோட்டார் பந்தயத்தில், கிழக்கின் முத்து என்று பெயரிடப்பட்ட ஒரு 40/50 வண்டி வென்று, பிறகு குவாலியர் மகாராஜாவால் வாங்கப்பட்டது. இந்தியச் சாலையையும் வெயிலையும் தாங்கும் என்ற நம்பிக்கை அதிலிருந்து பரவியது. அதன்பின் மைசூர், பாட்டியாலா, ஐதராபாத், ராஜ்கோட் என்று ஆணைகள் தொடர்ந்தன. ராஜ்கோட் அரசருக்காக 1934-இல் த்ரப் அண்ட் மேபர்லி கட்டிய, காவி கலந்த மஞ்சள் வண்ண பேன்டம் 2 வண்டி இந்தியாவின் நட்சத்திரம் என்ற பெயரால் உலகப் புகழ் பெற்றது. ஆடம்பரத்தைப் பற்றி எனக்குப் பெரிய வியப்பில்லை. ஆனால் ஒவ்வோர் ஆணையும் அதைச் செய்தவர்களுக்குப் புதிதாக ஒரு சிக்கலைக் கொடுத்தது, அதைத் தீர்த்ததில் அவர்களுடைய திறன் வளர்ந்தது என்பது மறுக்க முடியாதது.

பானெட்டின் மேல் நிற்கும் சிலை இந்த இரண்டு மரபுகளுக்கும் அப்பாற்பட்ட மூன்றாவது கையிலிருந்து வந்தது. வாடிக்கையாளர்கள் தங்கள் இஷ்டப்படி பொம்மைகளைப் பொருத்திக்கொள்வதைக் கண்டு வருந்திய ஜான்சன், சிற்பி சார்லஸ் சைக்ஸிடம் கண்ணியமான உருவம் ஒன்றைக் கேட்க, 1911-இல் அந்தச் சிலை உருவாயிற்று. மெழுகு வார்ப்பு முறையில் ஒவ்வொன்றாக வார்த்து, கையால் சீர்செய்யப்பட்டதால் ஆரம்பகாலச் சிலைகளில் ஒன்றுக்கொன்று நுண்ணிய வேறுபாடுகள் உண்டு. இதற்கு முன்மாதிரி மோட்டார் ஆர்வலரான மாண்டேகு பிரபுவின் செயலாளரான எலினார் தார்ன்டன் என்று பரவலாக நம்பப்படுகிறது. 1915 டிசம்பர் இறுதியில் அவர் பிரபுவுடன் இந்தியாவை நோக்கி வந்துகொண்டிருந்த பெர்சியா கப்பல், மத்தியதரைக் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியது. பிரபு பிழைத்தார், தார்ன்டன் பிழைக்கவில்லை. ராய்ஸுக்கு அந்தச் சிலையில் ஈடுபாடு இருக்கவில்லை. பார்வையை மறைக்கிறது என்றே அவர் கருதினார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார் தயாரிப்பு டார்பியிலிருந்து இங்கிலாந்தின் குரூ நகருக்கு மாறியது. போர்க்காலத்தில் மெர்லின் விமான எஞ்சின்களைத் தயாரிப்பதற்காகக் கட்டப்பட்ட தொழிற்சாலை அது. தகட்டை அச்சில் அழுத்தி ஒரே மாதிரியாகச் செய்யும் எஃகுக் கூடு 1946-இல் பென்ட்லி மார்க் 6 வழியாகவும் (பென்ட்லியை ரோல்ஸ் ராய்ஸ் 1931-இலேயே வாங்கியிருந்தது), 1949-இல் சில்வர் டான் வழியாகவும் வந்தது. 1965-இல் வந்த சில்வர் ஷேடோவில் தனிச் சேஸியே இல்லை. கூடும் சட்டமும் ஒன்றாயின. தனிக்கூடு கட்டுபவர்களின் வாழ்வுக்கு அது கிட்டத்தட்ட முடிவுரை எழுதிவிட்டது. ஹூப்பர் கூடு கட்டுவதை 1959-ஆம் ஆண்டோடு நிறுத்திக்கொண்டது. பார்க் வார்டு 1939-இலும், எச்.ஜே. முல்லினர் 1959-இலும் ரோல்ஸ் ராய்ஸுக்குச் சொந்தமாகி, 1961-இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. மரமும் தோலும் நிறுவனத்தின் சொந்த வேலையாக மாறியது இப்படித்தான். குரூவின் மரப்பட்டறையும் தோல் பட்டறையும் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் பெற்ற பெயர் வெறும் புகழ்ச்சியன்று. அங்கே சில குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தார்கள்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆர்.பி.211 என்ற விமான எஞ்சினை உருவாக்கும் செலவு மீறிப்போனதால் 1971-இல் ரோல்ஸ் ராய்ஸ் திவாலாயிற்று. அரசு எஞ்சின் தொழிலைக் காப்பாற்றியது. கார்ப் பிரிவு 1973-இல் தனியே பிரிக்கப்பட்டு, 1980-இல் விக்கர்ஸ் நிறுவனத்திடம் போயிற்று. 1998-இல் விக்கர்ஸ் அதை விற்றபோது விசித்திரமான ஒரு பிரிவினை நேர்ந்தது. 430 மில்லியன் பவுண்டு கொடுத்து வோக்ஸ்வேகன் குரூ தொழிற்சாலையையும், பென்ட்லியையும், ரேடியேட்டர் வடிவத்துக்கும் சிலைக்குமான உரிமைகளையும் வாங்கியது. ஆனால் ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயரும் ஆர்.ஆர். சின்னமும் விமான எஞ்சின் நிறுவனத்துக்கே சொந்தமாக இருந்தன. அந்த நிறுவனம் அவற்றை 40 மில்லியன் பவுண்டுக்கு பி.எம்.டபிள்யூவுக்குக் கொடுத்தது. இறுதியில் இரு தரப்பும் உடன்பட்டு, 2003 ஜனவரி 1 முதல் ரோல்ஸ் ராய்ஸ் பி.எம்.டபிள்யூவுடையதாகவும், பென்ட்லி வோக்ஸ்வேகனுடையதாகவும் பிரிந்தன.

இதன் விளைவை மழுப்பாமல் சொல்ல வேண்டும். குரூவின் மரப்பட்டறையில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் குரூவிலேயே தங்கினார்கள். மரம், தோல் வேலையின் அறுபடாத தொடர்ச்சி எங்கே இருக்கிறது என்று கேட்டால், அது பென்ட்லியிடம் இருக்கிறது என்பதே நேர்மையான விடை. முல்லினர் என்ற பழைய பெயரைத் தன் தனிப்பயன் பிரிவுக்குச் சூட்டிக்கொண்டிருப்பதும் பென்ட்லிதான். பி.எம்.டபிள்யூவுக்குக் கிடைத்தது பெயரும் சின்னமும். பட்டறையும் இல்லை, பழகிய ஆட்களும் இல்லை. சசெக்ஸில் உள்ள குட்வுட்டில், கட்டடக் கலைஞர் நிக்கலஸ் கிரிம்ஷா வடிவமைத்து, கூரையில் பச்சைச் செடி படரவிட்ட ஒரு புதிய கட்டடத்தில், அவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்கள். ராய்ஸ் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த வெஸ்ட் விட்டரிங் அங்கிருந்து சில மைல்தான் என்பது நல்லதொரு பொருத்தம். ஆனால் அருகாமை கைத்திறனைக் கொடுத்துவிடாது. கடற்கரை வட்டாரத்தில் படகு கட்டியவர்கள், மரச்சாமான் செய்தவர்கள், குதிரைச் சேணம் தைத்தவர்கள் என்று வேறு தொழில்களில் கைபழகியவர்களைத் தேடிச் சேர்த்தார்கள். பிறகு இளையோருக்குத் தொழிற்பயிற்சித் திட்டம் ஒன்றையும் ஏற்படுத்தினார்கள். ஆகவே இன்றைய குட்வுட் கைவினை பழைய மரபின் வாரிசு அன்று. அதே தரத்தை இலக்காக வைத்துப் புதிதாகக் கட்டியெழுப்பப்பட்டது. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை என்பது என் கணிப்பு. பழையதை வாங்கி வைத்துக்கொள்வதைவிடப் புதிதாக ஒரு பட்டறையை உருவாக்குவது கடினம்.

அங்கே எது கையால் நடக்கிறது, எது எந்திரத்தால் நடக்கிறது என்பதையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். அலுமினியக் கூடு ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வருகிறது, எஞ்சின் பி.எம்.டபிள்யூவின் வடிவமைப்பு. வண்ணப் பூச்சின் அடிப்படை அடுக்குகளை ரோபோக்கள் தெளிக்கின்றன. தோலை வெட்டுவதும் கணினி இயக்கும் எந்திரமே. ஆனால் வெட்டுவதற்கு முன், தோலை வெளிச்சத்தில் விரித்து, கையால் தடவிப் பார்த்து, பூச்சிக்கடி, கீறல், சுருக்கம் ஆகியவற்றைச் சுற்றிக் குறியிடுவது மனிதர்தான். அந்தக் குறிகளைத் தவிர்த்தே எந்திரம் வெட்டுகிறது. பசுவின் தோலில் சினைக்காலத் தழும்புகள் இருக்கும் என்பதற்காகக் காளைத் தோலையே எடுக்கிறார்கள். முள்கம்பி வேலியும் பூச்சித் தொல்லையும் குறைந்த குளிர்நாட்டு மேய்ச்சல் நிலங்களிலிருந்து அதைப் பெறுகிறார்கள்.

மரவேலையில்தான் கையின் பங்கு மிக அதிகம். வால்நட் மரத்தின் வேர்ப்பகுதியில் முண்டாகத் திரண்டு வளரும் கட்டியில் இழைகள் சுழன்று சுழன்று ஓடும். அதை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் ஏடு ஏடாகச் சீவினால், அடுத்தடுத்த ஏடுகளில் கோலம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஓர் ஏட்டைப் புரட்டி அதன் துணையோடு விளிம்பு சேர்த்து வைத்தால், டேஷ்போர்டின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் கோலம் எதிரெதிராக விரிகிறது. ஒரு காரின் முன்பலகை, கதவுகள், பின்னிருக்கை மேசை எல்லாவற்றுக்கும் ஒரே மரத்தின் தொடர் ஏடுகளே போக வேண்டும். வேறு மரத்தின் ஏடு ஒன்று புகுந்தால், நாள்பட நாள்பட இரண்டும் வேறுவேறு நிறத்தில் வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஏடுகளின் வரிசை எண்ணைக் குறித்துவைத்துப் பாதுகாப்பதன் காரணமும் இதுவே. விபத்தில் மரம் சிதறிக் கிழிக்காமலிருக்க ஒட்டுப்பலகை அடுக்குகளுக்கிடையே அலுமினியத் தாளையும் வைக்கிறார்கள். 2023-இல் வெளியான லா ரோஸ் நுவார் டிராப்டெய்ல் என்ற தனிவண்டியில் 1,603 சிறு மரத்துண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டிப் பொருத்தி, உதிரும் ரோஜா இதழ்களின் தோற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அது கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு வேலை.

வண்டியின் பக்கவாட்டில் முன்னிருந்து பின்வரை ஓடும் மெல்லிய கோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுமார் மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தக் கோடு அணில்முடித் தூரிகையால் வெறுங்கையால் இழுக்கப்படுகிறது. தூரிகையில் நீண்ட முடி இருப்பதால் அது வண்ணத்தைத் தேக்கி வைத்துக்கொண்டு சீராக விடும். வரைபவர் மூச்சை அடக்கிக்கொண்டு உடலோடு நகர வேண்டும். பூசிய வண்ணம் அடியில் உள்ள பூச்சோடு பிணைந்துவிடுவதால் நினைத்தபடி துடைத்துவிட்டு மறுபடி வரைவதற்கு இல்லை. இரு பக்கமும் முடிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகிறது. ஸ்டிக்கர் ஒட்டினால் நிமிடங்களில் முடியும் வேலைதான். ஆனால் கையால் வரைந்த கோட்டில் வண்ணம் நடுவில் சற்றுத் திரண்டும் ஓரங்களில் மெலிந்தும் நிற்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் அந்த வேறுபாடு தெரிகிறது.

முதல் மரபான உலோகப் பொறியியல் என்னவாயிற்று? அது ஓசையைக் கட்டுப்படுத்தும் வேலையாக உருமாறியிருக்கிறது. 2020-இல் வந்த கோஸ்ட் காரை உருவாக்கியபோது, உள்ளே ஓசை அளவுக்கு மீறி அற்றுப்போனால் அமர்ந்திருப்பவருக்குத் தலைசுற்றுவதுபோல் இருப்பதைப் பொறியாளர்கள் கண்டார்கள். ஆகவே பாகங்கள் ஒரே அதிர்வெண்ணில் மெல்ல ஒலிக்கும்படி சரிசெய்தார்கள். 2023-இல் ஸ்பெக்டர் என்ற மின்சாரக் காரைக் கொண்டுவந்தார்கள். மின்மணியும் டைனமோவும் செய்து தொழில் தொடங்கிய ராய்ஸும், 1900-லேயே மின்சாரக் கார்கள் ஓசையும் அழுக்கும் அற்றவை என்று பாராட்டிய ரோல்ஸும் இதில் அந்நியத்தைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் எஞ்சினைத் தாமே வார்த்துக் கடைந்து சோதித்த டார்பியின் மரபு காரில் தொடரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது இன்னும் டார்பியிலேயே விமான எஞ்சின்களில் தொடர்கிறது.

ஆகவே உங்கள் கேள்விக்கு விடை: கைவேலை உண்மை, ஆனால் முழுக் காரும் கைவேலை அன்று; பாரம்பரியமும் உண்மை, ஆனால் அது இப்போது டார்பி, குரூ, குட்வுட் என்று மூன்று ஊர்களில் பிரிந்து கிடக்கிறது. இரண்டு மரபுகளையும் ஒரே வண்டியில் நேரில் பார்க்க விரும்பினால் இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. ஐதராபாத்தின் சௌமஹல்லா அரண்மனையில் நிஜாமின் 1912-ஆம் ஆண்டு சில்வர் கோஸ்ட் இருக்கிறது. ஆணையிட்ட மஹபூப் அலி பாஷா வண்டி வந்து சேரும் முன்பே, 1911-இல் காலமாகிவிட்டார்; அவருக்குப் பின் வந்த உஸ்மான் அலி கானும் அதை மிக அரிதாகவே பயன்படுத்தினார் என்பதால் அது அதிகம் தேயவில்லை. மஞ்சள் மேற்கூடு, குவிந்த கூரை, சிம்மாசனம்போல் உயர்ந்த பின்னிருக்கை எல்லாம் லண்டன் பார்க்கரின் வேலை. ரேடியேட்டரும், பானெட்டுக்குள் இருக்கும் ஆறு சிலிண்டர்களும், எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் சேஸியும் டார்பியின் வேலை. முதலில் கூட்டைப் பார்த்துவிட்டு, பிறகு குனிந்து சேஸியையும் பாருங்கள். பெரும்பாலோர் முதலாவதோடு நகர்ந்துவிடுகிறார்கள்.